முழங்கைக்குக் கீழே இரண்டு விரல்

ஜூலை 1, திங்கள்

இது பள்ளியில் கொடுக்க வேண்டிய நாட்குறிப்பு அல்ல. அது வேறு, நீல அட்டை போட்டது, வாரம் ஒருமுறை பெனிட்டா மிஸ் கையெழுத்துப் போடுவார். அதில் இன்று "குழந்தையுடன் நல்லுறவு ஏற்படுத்தினேன்" என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கி வீசியது, காம்பு கோணிவிட்டது. நீல அட்டையில் இதையெல்லாம் எழுத முடியாது என்பதால் இந்த நோட்டு.

பதினான்கு வருஷம் வீட்டு மாடியில் டியூஷன் எடுத்தவள் நான். என்னிடம் படித்து ஒருத்தர்கூட ஃபெயில் ஆனதில்லை. தேறாத கேஸ் என்று தெரிந்தால் டிசம்பரிலேயே நிறுத்தச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் முப்பத்தொன்பது வயதில், சிறப்புக் கல்வி பி.எட். கடைசிப் பருவப் பயிற்சிக்காக, அம்பாசமுத்திரத்துச் சிறப்புப் பள்ளி ஒன்றில் பாய்மேல் தவழ்ந்து கண்ணாடியைத் தேடினேன். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்பவர்களிடம் "சேவை மனப்பான்மை" என்று சொல்கிறேன். சாதா பி.எட். முடித்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், இதற்குத்தான் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்றார்கள். வந்தேன்.

மூன்று மாதத்துக்கு என்னை மேற்பார்வை பார்க்கிற பெனிட்டா மிஸ்ஸுக்கு இருபத்தேழு வயது. அவர் என்னை "வடிவக்கா" என்கிறார். நான் அவரை "மிஸ்" என்கிறேன். காலம் செய்கிற கூத்து.

எனக்கு ஒதுக்கிய குழந்தை வர்ஷிகா. ஒன்பது வயது, டவுன் சிண்ட்ரோம். பேச்சு என்று சொன்னால் "ம்மா", "ஆ", அவ்வளவுதான். கண்ணாடி பிடிக்கும்.

ஜூலை 4, வியாழன்

வர்ஷிகாவின் அம்மா இசக்கியம்மாளை வரச் சொல்லிப் பேசினோம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்திட்டம் எழுத வேண்டும், பெற்றோரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது விதி. நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: நிறங்கள், ஒன்று முதல் ஐந்து வரை எண்கள், வடிவங்கள். வாசித்துக் காட்டினேன். அந்த அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"கலரு, நம்பரெல்லாம் கெடக்கட்டும் டீச்சர். தானா சோறு திங்கணும். அது போதும் எனக்கு."

வீட்டில் பீடி சுற்றுகிறவள். மூன்று வேளையும் இவள்தான் ஊட்டுகிறாள், வேளைக்கு முக்கால் மணி நேரம். "நாளைக்கே நான் பொட்டுனு போயிட்டேன்னு வைங்க, இவளுக்கு யாரு ஊட்டுவா?" என்று கேட்டாள். அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

பெனிட்டா மிஸ் என் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரே வரி எழுதினார்: "சோற்றை எடுத்துத் தானாக வாய்க்குக் கொண்டுபோவாள்." எனக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது. பத்தாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்தியவளுக்கு வந்த பாடம் சோறு.

ஜூலை 9, செவ்வாய்

முறை இதுதான். மதியச் சாப்பாட்டில் முதல் பத்து வாய் கணக்கு. தாளில் பத்துக் கட்டம். தானாக வாய்க்குக் கொண்டுபோனால் ஒரு டிக். சொன்ன பிறகு செய்தால் "சொல்". கையைப் பிடித்துச் செய்யவைத்தால் "கை". வாரக் கடைசியில் டிக்குகளைக் கூட்டிச் சுவரில் இருக்கும் வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும்.

இன்று பத்தும் கை. அதில் நான்கு வாய் சோறு என் புடவையில்.

ஜூலை 18, வியாழன்

ஒன்பது நாளாகக் கை, கை, கை. வரைபடத்தில் என் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. பக்கத்தில் மற்ற இரண்டு பயிற்சி மாணவிகளின் கோடுகள் மேலே ஏறுகின்றன, இருவரும் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்கள்.

"இதுக்கு எட்டு மாசம் ஆகலாம் அக்கா. ஒரு வருஷம்கூட ஆகலாம்" என்றார் பெனிட்டா மிஸ். வெளித்தேர்வாளர் செப்டம்பர் 27 அன்று வருகிறார். எட்டு மாதத்துக்கு நான் எங்கே போவேன்?

மாலையில் துணி துவைத்தேன். சாம்பார்க் கறை போகவில்லை.

ஜூலை 22, திங்கள்

ஒரு முன்னேற்றம். மணிக்கட்டை விட்டுவிட்டேன். முழங்கைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துத் தாங்கினேன், அவ்வளவுதான். அவளே பிசைந்தாள், அவளே எடுத்தாள், கை மேலே வந்தது. விரலை எடுத்தால் கை அப்படியே மடியில் விழுந்துவிடுகிறது. விரல் இருந்தால் வருகிறது.

இதைக் "கை" என்று எழுதுவது நியாயமா என்று எனக்குச் சந்தேகம். சாயங்காலம் என் வீட்டுக்காரர் காப்பி குடிக்கும்போது அவர் முழங்கையில் இரண்டு விரலை வைத்தேன்.

"ஏட்டி, ஒனக்கு என்னமும் ஆயிட்டா?"

"இப்ப நீங்களா குடிச்சியளா, நான் குடிக்க வச்சேனா, சொல்லுங்க."

"நீ கையக் குடுத்திருக்கல்லா? அப்புறம் என்ன கேள்வி?"

"ரெண்டு வெரல்தான வச்சேன்."

இவர் மின்வாரியத்தில் லைன்மேன். "ஏணிக்குக் கீழ நிக்கவனும் சும்மா தொட்டுக்கிட்டுதான் நிப்பான். அவன் கைய எடுத்தாத்தான் அவன் என்ன செஞ்சான்னு மேல நிக்கவனுக்குத் தெரியும்" என்றார். இவருக்குச் சிறப்புக் கல்வியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஜூலை 23, செவ்வாய்

மூன்று டிக்.

ஜூலை 31, புதன்

மாதக் கடைசியில் எடை பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. வர்ஷிகா 22.4 கிலோ. இந்த வாரச் சராசரி ஏழு டிக். பெனிட்டா மிஸ் சுவரைப் பார்த்து "என்னக்கா மாயம் பண்ணுறீங்க?" என்று சிரித்தார். அவருக்கு நேரமே இல்லை. சாப்பாட்டு வேளையில் வலிப்பு வருகிற குழந்தை ஒன்றோடு அடுத்த அறையில் இருப்பார், வெள்ளிக்கிழமை மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார்.

வரும்போது அரை கிலோ முருங்கைக்காய் வாங்கினேன். நல்ல இளசு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று பெனிட்டா மிஸ் நேரில் வந்து பார்த்தார். வர்ஷிகா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, முந்தானையை நன்றாக விரித்துப் போட்டுக்கொண்டேன், ஃபேன் காற்று வேகமாக இருந்தது. பத்தில் ஒன்பது. மிஸ் கதவருகில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த அறையில் ஏதோ சத்தம் கேட்டு ஓடிவிட்டார். போகும்போது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வெயில் காரணம்.

ஆகஸ்ட் 14, புதன்

பெற்றோர் கூட்டம். "இலக்கு எட்டப்பட்டது" என்று வர்ஷிகாவின் திட்டத்தில் எழுதி, எல்லாப் பெற்றோருக்கும் முன்னால் வரைபடத்தைக் காட்டினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். இசக்கியம்மாள் எழுந்துவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். புகையிலை வாசம் வந்தது.

"எங்க வீட்டுக்காரங்க நம்பவே மாட்டேங்காவ டீச்சர். நெசமாவே தானா திங்காளா?"

"ஆமா" என்றேன்.

வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வருகிற தகவல் நோட்டில் என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன்: "வர்ஷிகா இனித் தானாகச் சாப்பிடுவாள். வீட்டிலும் ஊட்ட வேண்டாம். பள்ளியில் கற்றது வீட்டிலும் தொடர வேண்டும்." எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றாள் அந்த அம்மா. ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

தெரு முழுக்கக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாளாம். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. இவர் தின்றார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தகவல் நோட்டில் இசக்கியம்மாள் எழுதியிருந்தது: "டீச்சர் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம். தட்டைப் பார்த்துக் கொண்டே இருக்கிறாள். என்ன செய்ய."

நான் எழுதிய பதில்: "வீட்டில் செல்லம் அதிகம் என்று தெரிந்துகொண்டு செய்கிறாள். இடம் கொடுக்காதீர்கள். பசித்தால் தானே சாப்பிடுவாள்."

இது புத்தகத்தில் உள்ளதுதான். நானாகச் சொன்னது அல்ல.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வர்ஷிகாவுக்கு இப்போதெல்லாம் நல்ல பசி. டப்பாவைத் திறப்பதற்குள் கை உள்ளே போய்விடுகிறது. முழுவதும் காலி செய்துவிட்டு என் தயிர்சாதத்தையும் பார்க்கிறாள். பாதி கொடுத்தேன். அப்படி ஒரு ஆசையாகச் சாப்பிட்டாள். சாப்பாட்டின் மேல் ஆர்வம் வந்திருப்பது நல்ல அறிகுறி என்று நீல அட்டையில் எழுதினேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எடை 21.3. இந்த எடை இயந்திரம் எப்போதுமே சரியில்லை. முள் ஒரு பக்கமாக ஒட்டுகிறது.

செப்டம்பர் 4, புதன்

வர்ஷிகா இன்னொரு குழந்தையின் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றாள். அது அழுது ஊரைக் கூட்டியது. "பிறர் உணவைப் பறித்தல்" என்று நடத்தைச் சிக்கல் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். தேர்வாளருக்கு இரண்டாவது இலக்காகக் காட்டலாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

தகவல் நோட்டில்: "டீச்சர் நேற்று இரவு அடித்து விட்டேன். பள்ளியில் சாப்பிடுகிற பிள்ளை வீட்டில் ஏன் என்னை இப்படிச் செய்கிறது. மனசு சரியில்லை."

கீழே "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வீட்டுப் பார்வைப் படிவத்துக்காக வர்ஷிகா வீட்டுக்குப் போய்வந்தேன். படிவம் முடிந்தது. திரும்பும்போது மழை, புடவை நனைந்துவிட்டது.

செப்டம்பர் 10, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுந்து அலமாரி துடைத்தேன். இன்று எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டிலும் பொய் எழுதினால் பிறகு எனக்கு எங்கேதான் உண்மை இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மணி பன்னிரண்டே முக்கால். இசக்கியம்மாள் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் வர்ஷிகா. வர்ஷிகாவுக்கு முன்னால் தட்டு. சோறு காய்ந்து, சாம்பார் ஆடை கட்டியிருந்தது. குழந்தை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர். பாருங்க உங்க பிள்ளைய. பன்னெண்டு மணிக்கு வச்சேன். ஒரு மணிவரைக்கும் பாப்பேன், அப்புறம் தட்ட எடுத்துருவேன். நீங்க எழுதுனபடிதான் செய்யுதேன்."

நான் பையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.

"கஷ்டமாத்தான் இருக்கு. அதான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிடுதேன். ராத்திரி மட்டும் மனசு கேக்காம ஒரு டம்ளர் பால் குடுத்துருதேன் டீச்சர். அது தப்பா?"

"இல்ல, பால் குடுக்கலாம்" என்றேன். அவளுக்கு அனுமதி கொடுத்தேன்.

அப்போதுதான் வர்ஷிகா என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்து, உட்கார்ந்தவாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து என்னிடம் வந்தாள். வந்து, வலது முழங்கையைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள், கோழி இறக்கையை விரிப்பது மாதிரி. நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"இதாங்க டீச்சர்" என்றாள் இசக்கியம்மாள். "எங்கிட்டயும் தெனமும் கைய இப்படி நீட்டி நீட்டிக் காட்டுதா. கொழுப்புன்னு தட்டி விட்டுருவேன். அன்னைக்கு அடிச்சதும் இதுக்குத்தான். என்னது டீச்சர் இது?"

வர்ஷிகா ஒரு மாதமாக எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எப்படிச் சாப்பிடுவாள் என்பதை அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லியிருக்கிறாள். அது புரியக்கூடிய ஒரே ஆள் நான்.

"ஏதோ புதுப் பழக்கம் போல" என்றேன்.

அந்த அம்மா கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த கலரைக் குடித்தேன். முழு பாட்டிலும் குடித்தேன். மணி ஒன்று ஆனதும் என் கண் முன்னாலேயே தட்டை எடுத்தாள், நான் கையெழுத்து வாங்க வேண்டிய படிவத்தை நீட்டினேன். மழையெல்லாம் அப்புறம்தான்.

செப்டம்பர் 11, புதன்

எடை பார்த்தேன், மாதக் கடைசி இல்லாவிட்டாலும். 20.1. முதலில் நான் ஏறி நின்று பார்த்தேன். இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை.

காலையிலேயே பெனிட்டா மிஸ்ஸிடம் சொல்லிவிடத்தான் போனேன். அவர் தலைவலி என்றார். அவருக்குத் தைலம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தேர்வுக்குப் பதினாறு நாள் இருக்கிறது, அதற்குப் பிறகு சொன்னால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. பதினாறு நாளைக்கு எத்தனை வேளை என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. நான் கணக்கு டீச்சர் அல்லவா.

மதியம் என் சாப்பாடு முழுவதையும் அவளுக்குக் கொடுத்தேன், முழங்கையைத் தாங்கித்தான். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

சொல்லிவிட்டேன். ஸ்டோர் ரூமில், நின்றுகொண்டே. மிஸ் முதலில் புரியாமல் பார்த்தார்.

"எத்தனை நாளா அக்கா?"

"ஜூலை இருபத்தி மூணுலேருந்து."

நீல அட்டை நாட்குறிப்பை வாங்கி, அந்தத் தேதியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் தன் கையெழுத்துகளை எண்ணினார். ஏழு. "நானும் பாக்காமதான் போட்டிருக்கேன்" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் என் வயசுக்கு மரியாதை இல்லையா என்று கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

"ஜூலைல முழுக் கையையும் பிடிக்கணும். மூணே வாரத்துல ரெண்டு விரல் போதும்னு வந்திருக்கா. இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா அக்கா? 'கை, முழங்கையில் ரெண்டு விரல் மட்டும்'னு எழுதியிருந்தா நானே கூட்டத்துல எந்திரிச்சு நின்னு கைதட்டியிருப்பேன். அந்த அம்மாவும் வீட்டுல ரெண்டு விரல் வச்சிருப்பாங்க. அந்தப் பிள்ளை சாப்பிட்டிருக்கும்."

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மையே போதுமானதாக இருந்திருக்கிறது. அது எனக்குப் போதவில்லை.

அங்கேயே ஃபோன் போட்டு, இன்றைக்கு ராத்திரி ஊட்டிவிடச் சொன்னார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்குக் கேட்டது. "நாளைக்கு வடிவு டீச்சர் வந்து சொல்லுவாங்க" என்று சொல்லி வைத்தார்.

இவரிடம் வீட்டில் சொன்னேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார். ஏணி கதையைத் திரும்பச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "நாளைக்கு நான் கூட வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் என்று ஊரில் யாரை யாரையோ சொல்லியிருக்கிறேன்.

இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனபோது பீடித் தட்டு அவள் மடியில் இருந்தது. நான் சொல்லச் சொல்ல விரல்கள் இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, அடுத்த இலைக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் முடித்த பிறகுதான் நின்றன.

"அப்போ அவ ஒரு நாளும் தானா திங்கலியா?"

"இல்ல."

"ஒரு வாய்கூடவா?"

"இல்ல. நான் முழங்கையத் தாங்குனேன்."

வர்ஷிகா பக்கத்தில் உட்கார்ந்து காலி தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாள் அவள் வலது கையைப் பிடித்து, முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் காயம் ஏதும் இல்லை. ஏதோ இருக்கிற மாதிரி பார்த்தாள்.

"இதத்தான் நீட்டுனாளா? நான் அடிச்சேனே டீச்சர்."

"என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கிய? வயித்தக் காயப்போட்டது என்னையவா?"

அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை, தண்ணீர் குடிங்க என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்துபோய் வர்ஷிகாவின் பையிலிருந்து தகவல் நோட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"தெருவு முழுக்கச் சொல்லியிருக்கேன். அவ அப்பாகிட்ட, எங்க நாத்தனாகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். நாளைக்கு நான் என்னன்னு சொல்ல? இதுல எழுதிக் குடுங்க. அன்னைக்கு எழுதுன மாதிரியே."

எழுதினேன். "வர்ஷிகா தானாகச் சாப்பிடுவாள் என்று ஆகஸ்ட் 14 அன்று நான் தவறுதலாக எழுதிவிட்டேன். பசித்தால் தானே சாப்பிடுவாள் என்று ஆகஸ்ட் 19 அன்று எழுதியதும் சரியல்ல. குழந்தையின் மேல் எந்தத் தவறும் இல்லை."

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். வெகுநேரம் ஆனது. ஒரு சொல்லில் விரல் நின்றது.

"தவறுதலான்னு போட்டிருக்கிய. தவறுதலாவா எழுதுனிய?"

பேனாவை வாங்கி அதை அடித்தேன். மேலே "தெரிந்தே" என்று எழுதினேன். இந்த முறை எழுத்து முத்து முத்தாக இல்லை.

"திங்கக்கெழமையிலேருந்து மத்தியானம் நானே பள்ளிக்கூடத்துக்கு வாரேன்" என்றாள். "நீங்க அவ மேல கை வைக்காண்டாம்."

செப்டம்பர் 15, ஞாயிறு

நாள் முழுக்கத் திருத்தினேன். ஜூலை 23 முதல் செப்டம்பர் 11 வரை ஒவ்வொரு டிக்கையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் "கை" என்று எழுதினேன். முந்நூறுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

திருத்திக்கொண்டிருக்கும்போது மாரிச்செல்வி ஞாபகம் வந்தாள். பத்தாம் வகுப்பு. டிசம்பரில் நிறுத்தச் சொன்னேன். அவள் அம்மா மாடிப்படியில் நின்றுகொண்டு, "மூணு மாசந்தான, இருக்கட்டுமே டீச்சர்" என்று கேட்டாள். என் டியூஷனில் ஒருத்தர்கூட ஃபெயில் ஆனதில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

இசக்கியம்மாள் வந்தாள். பெனிட்டா மிஸ் அவளுக்கு விரல் வைக்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்தார். நான் எதிரே தாளோடு உட்கார்ந்தேன். வர்ஷிகா முதலில் என்னிடம்தான் முழங்கையை நீட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தாள், பிறகு அம்மா பக்கம் திருப்பினாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

வெளித்தேர்வாளர் சிவப்புக் கோடுகளைப் பார்த்து, "என்னம்மா இது, பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டு மாதிரி?" என்று கேட்டார். சொன்னேன். மற்ற இரண்டு மாணவிகளும் பக்கத்தில்தான் இருந்தார்கள். பாதியில் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

செய்முறைத் தேர்வில் தேர்ச்சி இல்லை. பருவம் முழுவதும் மறுபடி. பதினான்கு வருஷத்தில் என் வீட்டில் முதல் ஃபெயில்.

மறுபடி இதே பள்ளியில் சேர்த்துக்கொள்வீர்களா என்று பெனிட்டா மிஸ்ஸிடம் கேட்டேன். "அந்த அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

செப்டம்பர் 30, திங்கள்

இன்றோடு என் மூன்று மாதப் பயிற்சி முடிகிறது. காலையில் எடை: 20.9. இரண்டு முறை நிறுத்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

இசக்கியம்மாள் என்ன பதில் சொன்னாள் என்று மிஸ் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதியம் அவள் வந்து வழக்கம்போல உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். ரசம் சாதம், அப்பளம். வர்ஷிகா பிசைந்தாள், முழங்கையை நீட்டினாள். அம்மா இரண்டு விரலை வைத்தாள். கை மேலே வந்தது. நான் குனிந்து எழுதப் போனேன்.

"என்ன எழுதுதிய?" என்று கேட்டாள். நான் அவள் வீட்டுக்குப் போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு. அந்த வெள்ளிக்கிழமை முடிந்து பதினேழு நாள் ஆகிறது.

தாளைத் திருப்பிக் காட்டினேன். டிக் என்றால் என்ன, சொல் என்றால் என்ன, கை என்றால் என்ன என்று சொன்னேன். இதை ஜூலையிலேயே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை.

"இப்ப நான் வெரல் வச்சேனே, இதுக்கு எது?"

"கை."

"ரெண்டு வெரல்தான வச்சேன்?"

"ரெண்டு வெரல்னாலும் கைதான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அடுத்த வாய்க்கு முழங்கை நீண்டது, இரண்டு விரலை வைத்தாள்.

"அப்போ அதையே எழுதுங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

ஒவ்வொரு வாய்க்கும் எழுதினேன். ஒவ்வொரு முறையும் தாளைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, சாப்பாட்டுக் கை படாமல் இடது கை விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் அடுத்த வாய்க்கு விட்டாள். பத்துக் கட்டமும் முடிய ஐம்பது நிமிஷம் ஆனது. பத்தும் கை.

கிளம்பும்போது, "நாளைக்கும் எழுதணும்லா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.